வலப்பக்கத்து ஈரம்

டூசான்
ஜூன் 6, 1992

அன்புள்ள ரொகேலியோ,

கழுதை மேல் ஏறி வரும் தபால் இந்த முறையாவது கசங்காமல் உன்னிடம் சேரட்டும். இங்கே எல்லாரும் நலம், கூரைக் கூலர் உட்பட. போன வாரம் மேலே ஏறி அதில் தண்ணீர் ஊறும் பாயை நானே மாற்றினேன். பக்கத்து வீட்டு செலியா கீழே ஏணியைப் பிடித்தபடி, “புருஷன் மலை உச்சியில, பொண்டாட்டி கூரை உச்சியில. இந்த வீட்டுல தரையில நிக்க ஆளே இல்லையா?” என்று கேட்டாள். சிரித்ததில் விழப் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேகன் ஓடுகிறது. கம்ப்ரசர் செத்த நாளிலிருந்து மெஸ்கீட் மரத்தடியில் பறவை எச்சம் வாங்கிக்கொண்டு கிடந்ததே, நம் அறுபத்தேழாம் வருஷத்து வேகன், அதேதான். நீ பிக்கப் வண்டியை மலைக்கு எடுத்துப் போனபின் பேருந்துக்குக் காத்து நின்றே எனக்கு அலுத்துவிட்டது. பிரேக்கையும் கம்ப்ரசரையும் லாலோவின் பட்டறையில் பார்த்தார்கள். இருக்கை உறைகளை நான் தைத்தேன். துரு பிடித்த இடங்களைத் தேய்த்துப் பெயின்ட் அடித்ததும் நான்தான். கிட்டே போய்ப் பார்க்காதவர்களுக்கு வண்டி அழகாக இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று உனக்குத் தெரியும். லாஸ் குரூசஸ் கல்லூரி நூலகத்தின் தலைமைப் பதவிக்குச் சம்மதம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் சேர வேண்டும். பாலைவனத்தின் குறுக்கே ஒரு நாள் ஓட்டம், அதுவும் ஆகஸ்டில். ஏசி இல்லாமல் போனால் நூலகருக்குப் பதில் கருவாடுதான் போய்ச் சேரும்.

நீ மலையேறும்போதே இதைப் பேசினோம். “பார்க்கலாம்” என்றாய். அதற்குப் பிறகு வந்த உன் இரண்டு கடிதங்களிலும் கரடி இருக்கிறது, புகை இருக்கிறது, லாஸ் குரூசஸ் மட்டும் இல்லை. நான் போவது உறுதி. நீ வருகிறாயா என்பதுதான் தெரியாது. மழைக்காலத்தோடு தீக்காவல் வேலை முடிந்துவிடும். அதற்குள் சொல்.

ஒரு சிறு குறை, பழையதுதான். இடப்பக்கம் உட்கார்ந்து வண்டி ஓட்டிய நீ ஒரு நாளும் நம்பாத குறை. ஒவ்வொரு ஜூலையிலும் வலப்பக்கம் உட்கார்ந்த என் இடது காலில் தண்ணீர் சொட்டியதே, அது எங்கிருந்து வந்தது என்று இந்த முறை கண்டுபிடிக்கப் போகிறேன். எத்தனை செருப்பு போயிற்று, எல்லாம் இடது.

உடம்பைப் பார்த்துக்கொள். டப்பா உணவையே தின்று கிடக்காதே.

அன்புடன்
எல்விரா

---

எல் துவெர்த்தோ காவல் கோபுரம்
ஜூன் 14

என் விராவுக்கு,

கடிதத்தைக் கழுதை தின்னவில்லை, ஓரத்தை மட்டும் ருசி பார்த்திருக்கிறது. நல்லவேளை, செலியா சொன்ன பகுதி தப்பியது. அவளிடம் சொல், தரையில் நிற்பவர்களுக்குத்தான் தூரத்துப் புகை தெரியாது என்று.

வேகனை எழுப்பிவிட்டாய். எனக்குப் பெருமைதான். கொஞ்சம் பொறாமையும் உண்டு, ஸ்பேனரை நீ எந்தக் கையில் பிடித்தாய் என்று பார்க்க நான் அங்கே இல்லையே.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் உனக்கு வீண் அலைச்சல் வேண்டாம். அது மழைத் தண்ணீர். கதவு ரப்பர் வழியாக இறங்குகிறது. நம் ஊரில் மழை ஜூலையில், சொட்டும் ஜூலையில், இதில் என்ன ஆராய்ச்சி? இரண்டு தடவை ரப்பர் மாற்றியவன் நான். கண்ணாடி ஓரத்துக்கும் பசை வைத்தேன். மூன்றாவது தடவை மாற்றினால் நின்றுவிடும். ஏசியில் கையை வைக்காதே. அதன் குழாயை நானே ஒரு மே மாதம் மாற்றி, அழுகிக் கிடந்த கறுப்புப் பிசினையெல்லாம் சுரண்டி எடுத்து, மூட்டுகளை வெள்ளி மாதிரி துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு விழவில்லை. வேண்டுமானால் இப்போதே ஓட்டிப் பார்.

இங்கே நேற்று ஒரு புகையைக் கண்டு வயர்லெஸில் சொல்லி, ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் அது மண் சாலையில் யாரோ வேகமாகப் போன புழுதி. பக்கத்து மலைக் காவல்காரன் அதிலிருந்து என்னைப் “புழுதி ராஜா” என்று கூப்பிடுகிறான்.

லாஸ் குரூசஸ் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல ஊர். மிளகாய் நன்றாக இருக்கும்.

அடுத்த தபாலோடு என் கனத்த கம்பளிக் கோட்டை அனுப்பி வை. அலமாரியில் மேல்தட்டில் இருக்கும். இங்கே ராத்திரியில் குளிர்.

உன்
ரொகே

---

டூசான்
ஜூன் 25

அன்புள்ள புழுதி ராஜாவுக்கு,

நேற்று சான் ஹுவான் திருநாள். சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனோம், மழைக்கு வேண்டினோம், வேர்வையில்தான் நனைந்தோம். வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. ஆனாலும் நான் ஜூலைக்குக் காத்திருக்கவில்லை. எப்படி என்று கேள்.

நீ சொன்னபடியே முதலில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் செலியாவை உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுதாகத் திருகி, ஊரைச் சுற்றினேன். “ஒரு சொட்டும் இல்லடி. என் கால்தான் விறைச்சுப்போய் யாரோ காலு மாதிரி இருக்கு” என்றாள். நீ சொன்னது சரி என்று எழுத நினைத்தேன். அன்று துணி காயப்போடும்போது தோன்றியது. கொடியின் இந்த முனையில் கிளிப் போட்டு அந்த முனைக்குப் போவதற்குள் துணி காய்ந்துவிடுகிற காற்று இது. இதில் குளிர்ந்த இரும்பு வேர்க்க ஈரத்துக்கு எங்கே போகும்? ஜூலையில்தான் காற்றில் ஈரம் வருகிறது. மழையும் அப்போதுதான் வருகிறது. நீ மழையைப் பிடித்து அடித்தாய்.

ஆகவே வண்டிக்குள் ஒரு ஜூலையை உண்டாக்கினேன். பெரிய பானையில் பீன்ஸ் கொதிக்கக் கொதிக்க எடுத்துவந்து செலியாவின் மடியில், தட்டு வைத்து, துண்டு சுற்றி, மூடியில்லாமல் வைத்தேன். கண்ணாடியெல்லாம் பனி பூத்தது. நான் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். “உன் புருஷன் தப்புன்னு காட்ட என் தொடை வேகணுமா?” என்று செலியா திட்டிக்கொண்டே வந்தாள். தேவாலயத் தெருவைத் தாண்டவில்லை, திட்டு நின்றது. “எல்வி, விழுந்துடுச்சு. பீன்ஸ் தண்ணி இல்ல, ஜில்லுன்னு இருக்கு. இடது கால்ல.”

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். நீ வெள்ளி மாதிரி துடைத்து வைத்த மூட்டுகள் எல்லாம் வேர்த்து ஒழுகுகின்றன, ரொகே. நீ சுரண்டி எறிந்த கறுப்புப் பிசின்தான் அவற்றின் போர்வை. அதை மறுபடி சுற்ற நீ மறக்கவில்லை, தேவையில்லை என்று நினைத்தாய். மே மாதத்தில் டூசானில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். லாலோவுக்கே தோன்றியிருக்கிறது. நான் போய்க் கேட்டபோது, “கார்க் டேப்பா? இந்த ஊர்லயா? ஈரக்காத்து அடிக்கிற ஹூஸ்டன்காரன்தான் அதெல்லாம் கேப்பான்” என்றான். பீன்ஸ் கதையைச் சொன்னேன். உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தான்.

தாரில் கார்க் தூளைப் பிசைந்து நாடாவாக உருட்டின மாதிரி இருக்கிறது. இந்த வெயிலில் கையில் எடுத்ததுமே களியாகிறது. அதனால் ஃபிரிட்ஜில் டார்ட்டியா ரொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியெடுத்துச் சுற்றினேன். செலியா ஒரு துண்டை ஏதோ பலகாரம் என்று நினைத்து வாய்வரை கொண்டுபோனாள். கொஞ்சமும் காற்றுப் புகாமல், ஒன்றின்மேல் பாதி இன்னொன்று ஏறும்படி சுற்றி, கட்டைவிரலால் அழுத்தினேன். அவ்வளவு அழகாக வந்தது. லாலோவிடம் காட்டினேன். “ரொம்ப நல்லா இருக்கும்மா. கேஸ் கசியுதான்னு பார்த்தீங்களா?” பார்க்கவில்லை. முதலில் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டுமாம். மூடினபின் கசிந்தால் எந்த மூட்டு என்று யாருக்குத் தெரியும்? அத்தனையையும் உரித்தேன். கசிவில்லை. மறுபடி சுற்றினேன்.

லாலோவும் விட்ட ஒன்றை நான் பிடித்தேன். கேஸை அளந்து விடுகிற வால்விலிருந்து மயிர் போல ஒரு குழல் வந்து, நுனியில் விரல் தடிமனுக்குச் செம்புக் குமிழ் ஒன்று இருக்கிறதே. அது குளிர்க் குழாயை ஒட்டி உட்கார்ந்து, குழாய் எவ்வளவு குளிர் என்று வால்வுக்குச் சொல்கிற உறுப்பு. குமிழுக்கும் குழாய்க்கும் நடுவே அழுக்கு, அதனால் ஒட்டவில்லை. வெளியே போர்வையும் இல்லை. எனவே பக்கத்தில் இருக்கிற குழாயை விட்டுவிட்டு என்ஜின் சுவரின் சூட்டைக் கேட்டு, இன்னும் கேஸ் விடு, இன்னும் விடு என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்ப்ரசர் செத்ததும் அந்த மிகுதியால்தான் இருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, உலோகத்தோடு உலோகம் சேரும்படி பட்டை போட்டு இறுக்கி, மேலே கனமாக மூடிவிட்டேன். தொட வேண்டியதைத் தொட வேண்டும், மற்றதெல்லாம் வெளியே. இப்போது ஏசியில் வருகிற காற்றை நீ பார்த்தால் மலையை விட்டு இறங்கிவிடுவாய்.

கோட்டு கேட்டிருந்தாய். அலமாரி மேல்தட்டிலிருந்து எடுத்து உதறி, வெயிலில் போட்டேன். பிறகு அனுப்பவில்லை. மே மாதக் குளிருக்கு நீ கேட்கவில்லை. ஜூலை வரப்போகிறது, கம்பளிக் கோட்டு கேட்கிறாய். உன் மலையில் யாருக்குக் குளிர்காலம் வருகிறது, ரொகேலியோ?

எல்விரா

---

எல் துவெர்த்தோ
ஜூலை 4

விரா,

பானையும் மடியுமாக செலியா உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்து நேற்று முழுவதும் தனியாகச் சிரித்தேன். தனியாகச் சிரிப்பவனை மலையில் யாரும் கேள்வி கேட்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

இரண்டு ரப்பர், ஒரு கண்ணாடிப் பசை. எல்லாம் வீண். “மழையே இல்லையே, எப்படி ஒழுகும்?” என்று நீ கேட்பாய். “நேத்துப் பெய்தது உள்ளே நின்னிருக்கும்” என்பேன். அந்தப் பதில் எனக்கே எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

கோட்டைப் பற்றி நீ கேட்டுவிட்டாய். சொல்கிறேன். கோபுரம் ஆகஸ்ட் கடைசியில் மூடிவிடும். குளிர்காலத்தில் கீழே இருக்கும் முகாம் வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ரேஞ்சர் கேட்டார். பனி தள்ள வேண்டும், குழாய் உறையாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

நீ கோபிக்கும் முன் ஒன்றைக் கேள். சுரங்கத்தை மூடி என் வேலை போனபின் உன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பந்தியில் உன் மாமா, “ரொகேலியோ இப்ப என்ன பண்றான்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ, “எல்விரா வேலைக்குப் போறா” என்றார்கள். கேள்விக்கு அது பதிலே இல்லை, ஆனால் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. மாமா தலையாட்டிவிட்டு இறைச்சியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இங்கே என்னைப் புழுதி ராஜா என்கிறார்கள். கேலிதான், ஆனாலும் அது என் பெயர். லாஸ் குரூசஸில் நான் நூலகத்தம்மாவின் புருஷன். வாசலில் பெட்டி இறக்கும்போதே அக்கம்பக்கம் அந்தப் பெயரை வைத்துவிடும்.

நீ போ. நீ போகக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ரொகே

---

டூசான்
ஜூலை 19

அன்புள்ள ரொகே,

மழை வந்துவிட்டது. முதல் நாள் புழுதி, அடுத்து இடி, பிறகு தெருவெல்லாம் ஆறு. கிரியோசோட் செடியின் வாசம் ஊர் முழுக்க. கூரைக் கூலர் இனி ஈரத்தைத்தான் ஊதும், நிறுத்திவிட்டேன்.

கோபிக்கவில்லை. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கல்யாண வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு நீ மலையேறியிருக்கிறாய். அன்று பந்தியில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு. என்னிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். சுரங்கம் மூடிய வருஷம் செலியாவின் வீட்டு ஒயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்தவன், என் அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டியவன், எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் பொய்யான கரடிக் கதை சொன்னவன். என் மாமனுக்கு இதையெல்லாம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை என்று நினைக்காதே, இறைச்சி பரிமாறும்போது அந்த ஆளுக்குக் காது கிடையாது.

லாஸ் குரூசஸில் உனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீயாக ஒன்றை வைத்துக்கொண்டு வந்து இறங்கினால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

இப்போது வண்டி. மழை நாளில் தனியாக நீண்ட தூரம் ஓட்டினேன். குளிர் அருமை. ஆனால் ஒரு சங்கடம். ஓட்டுகிறவளுக்கு வலப்பக்கம் சொட்டுகிறதா என்று தெரிய வழியே இல்லை. இத்தனை வருஷம் உன்னை நான் கொஞ்சம் அநியாயமாகத் திட்டியிருக்கிறேன் போல. இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. வண்டியை நிறுத்தித் தரைவிரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் ஈரம் மாதிரியும் இருந்தது, குளிர் மாதிரியும் இருந்தது. விரல் நிச்சயமாகச் சொல்லவில்லை. செலியாவோ மகள் வீட்டுக்கு சான் டியாகோ போய்விட்டாள். “கடல் காத்துல என் தொடை ஆறட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் முதல் தேதி, சனிக்கிழமை, விடியும்போது கிளம்புகிறேன். வில்காக்ஸ் தாண்டி உன் மலையடிக்கு வரும் சாலையில் திரும்பி, மதியத்துக்குள் அடிவாரக் கடை வாசலில் நிற்பேன். அன்று ஒரு மணி நேரம் இறங்க ரேஞ்சரிடம் கேள். நெடுஞ்சாலைவரை போய்த் திரும்புவோம். வலப்பக்கம் நீ உட்கார். பூட்ஸைக் கழற்றிவிடு, காலுறையையும். ஒரு சொட்டு விழுந்தால் சொல். விழவில்லை என்றாலும் சொல்.

கோட்டையும் கொண்டு வருகிறேன், பின் இருக்கையில் மடித்து. அது உன்னுடையது. எடுத்துக்கொண்டு மேலே போனாலும் நான் அழுது கூப்பிட மாட்டேன். எப்படியும் அன்று மாலைக்குள் நான் லாஸ் குரூசஸில் இருப்பேன்.

அன்புடன்
எல்விரா

---

லாஸ் குரூசஸ்
ஆகஸ்ட் 9

அன்புள்ள ரொகேலியோ,

சேர்ந்த செய்தியை அஞ்சலட்டையில் எழுதியிருந்தேன். கிடைத்திருக்கும். வீடு சிறியது, முற்றம் பெரியது, குழாய் எல்லாம் முனகுகிறது. நூலகத்தில் இன்னும் பெயர்கள் பிடிபடவில்லை. காவலாளி மட்டும் வேகனைச் சுற்றிச் சுற்றி வந்து, “இது யாரு பண்ணினது?” என்று கேட்டான். “நான்” என்றேன். “ஏசியுமா?” என்றான். “கடைசி மூட்டு மட்டும் என் வீட்டுக்காரர்” என்றேன்.

முதல் தேதி நீ கடை வாசலில் நின்றிருந்தாய். தாடி நரைத்திருந்தது. ஏறி உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலை விரிப்பில் வைத்து, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு வந்தாய். மழை கொட்டியது. சாலை தெரிவதற்காக நான் முன்னே குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலை வரும்வரை நீ ஒன்றும் சொல்லாததால், எல்லாம் காய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். திரும்பும்போதுதான் சொன்னாய். “விரா. ஒண்ணு விழுந்துது.”

அந்தச் சொல்லை நான் எத்தனை ஜூலை உன்னிடம் சொல்லியிருப்பேன்.

ஓரமாக நிறுத்தியதும் நீயே அடியில் நுழைந்தாய். ரப்பர் குழாய் தொடங்கும் இடத்தில் என் டேப் ஒரு நகக்கண் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது என்றாய். “அழகாச் சுத்தியிருக்க கிழவி. கடைசியில அவசரப்பட்டுட்ட.” மிச்ச டேப்பைக் கேட்டு வாங்கி, நீயே சுற்றி அழுத்தினாய். பிறகு கடை வாசலில் இறங்கி, கறுத்த விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைத் தொட்டால் என் சட்டையில் ஒட்டும் என்று முழங்கையால் ஒரு இடி இடித்தாய். அவ்வளவுதான் விடைபெறல். கண்ணாடியில் உன்னைப் பார்த்தபடியே வளைவு திரும்பினேன்.

இங்கே வந்து பெட்டிகளை இறக்கும்போது பார்த்தேன். பின் இருக்கையில் கோட்டு மடித்தபடியே இருக்கிறது. மழையும் அவசரமுமாக இருந்தது, மறந்தும் இருக்கலாம். கேட்கமாட்டேன் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அனுப்ப வேண்டுமா என்று மட்டும் எழுது. தபால் செலவு ஒரு பொருட்டில்லை.

விரிப்பு காய்ந்திருக்கிறது.

எல்விரா

---

எல் துவெர்த்தோ
ஆகஸ்ட் 16

என் விராவுக்கு,

மேலே ஓரத்தில் இருக்கும் கறுப்பு ரேகை என் கட்டைவிரல். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, இந்தப் பிசினை அறியாமல் தின்னப் பார்த்த செலியாவுக்கு என் அனுதாபம்.

மலை முழுக்க ஈரம். புகையும் இல்லை, புழுதியும் இல்லை, ராஜாவுக்கு நாடு இல்லை. கோபுரத்தைப் பூட்டியதும் பிக்கப்பில் கிளம்புகிறேன். முனகுகிற குழாய்களை யாரையும் தொட விடாதே. ரேஞ்சரிடம் பேசிவிட்டேன், முகாம் வீட்டுக்கு வேறு ஆள் பார்க்கிறார்.

கோட்டை நான் மறக்கவில்லை.

மறந்தது காலுறை மட்டும்தான். வலப்பக்க இருக்கைக்கு அடியில் பார். துவைக்காதது, மூக்கைப் பிடித்துக்கொண்டு எடு.

உன்
ரொகே